மேலாளரின் ஒரு வரிச் செய்தியும் என் மூன்று இரவுகளும்: ஏடிஎச்டி உள்ளவர்களிடம் ஒரு கேள்வி

கரையோரம் (பினாங்கு)
திங்கள், இரவு 11:48

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 33. ஜெலுத்தோங்கில் குடியிருக்கிறேன். பட்டர்வொர்த் துறைமுகத்துக்கு அருகே சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் ஏற்றுமதி ஆவணங்களைக் கவனிக்கும் வேலை. எனக்கு ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் சார்ந்த குறைபாடு, இருப்பதைச் சென்ற ஆண்டுதான் மனநல மருத்துவர் உறுதிசெய்தார். 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்று அவர் கேட்டபோது எனக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை. அம்மாதான் தமிழ்ப்பள்ளித் தேர்ச்சி அட்டைகளைத் தேடி எடுத்து வந்தார். மூன்றாம் ஆண்டிலும் ஐந்தாம் ஆண்டிலும் இரு வேறு ஆசிரியர்கள் ஒரே வாக்கியத்தை எழுதியிருந்தார்கள்: "கெட்டிக்காரன், ஆனால் கவனம் இல்லை." அந்த 'ஆனால்' இன்றுவரை என் கூடவே வேலைக்கு வந்துகொண்டிருக்கிறது.

காலை 7 மணிக்கு ஒரு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். கவனம் முன்னைவிடப் பரவாயில்லை. என் கேள்வி கவனத்தைப் பற்றியதன்று, அச்சத்தைப் பற்றியது.

கடந்த வெள்ளிக்கிழமை மாலை 5:40க்கு, ஃபெர்ரிக்காகக் காத்திருந்தபோது மேலாளரிடமிருந்து புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு செய்தி வந்தது. "திங்கட்கிழமை காலையில் என்னை வந்து பாருங்கள்." அவ்வளவுதான். படகு ஏறி அக்கரை சேர்வதற்கு முன்பே நான் வேலையை இழந்திருந்தேன். வீட்டுக் கடனின் தவணை தவறியிருந்தது. மனைவி சுங்கைப்பட்டாணியில் தம் தாய்வீட்டில் இருந்தார். இவை எல்லாம் பதினைந்து நிமிடங்களுக்குள் என் தலைக்குள் நடந்து முடிந்தவை. அன்றிரவும் அதற்கடுத்த இரண்டு இரவுகளும் நான் சரியாக உறங்கவில்லை. பழைய மின்னஞ்சல்களைத் தோண்டி எடுத்து, எந்தப் படிவத்தில் பிழை விட்டிருப்பேன் என்று தேடினேன். "என்மேல் கோபமா?" என்று மனைவியிடம் ஒரே இரவில் நான்கு முறை கேட்டேன். முதல் மூன்று முறை அவருக்குக் கோபம் இல்லை.

இன்று காலையில் மேலாளர் கேட்டது இதுதான்: தைப்பூசத்தையொட்டி யார் யாருக்கு விடுப்பு வேண்டும், அட்டவணையை நான் தயாரித்துத் தர முடியுமா?

இதைக் கேட்பவர்கள் "வீணாகக் கற்பனை செய்யாதே" என்பார்கள். நான் படித்த கையேடுகளும் "இந்த எண்ணத்துக்கு என்ன ஆதாரம் இருக்கிறது என்று உங்களையே கேளுங்கள்" என்கின்றன. என் இடர் அங்கேதான் தொடங்குகிறது, ஏனென்றால் என்னிடம் ஆதாரம் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், சுங்கத்துறைக்கான கே2 ஏற்றுமதி அறிவிப்பு ஒன்றை, "பத்து நிமிட வேலைதானே, சாப்பிட்டுவிட்டு வந்து செய்யலாம்" என்று ஒதுக்கி வைத்தேன். சாப்பிட்டு வந்ததும் சக ஊழியரின் அச்சுப்பொறியில் காகிதம் சிக்கிக்கொண்டது. அதைச் சரிசெய்ய உட்கார்ந்தேன். மாலை 6:20க்கு அந்தப் படிவம் நினைவுக்கு வந்தபோது, கப்பலுக்குச் சரக்கு ஏற்கும் நேரம் முடிந்திருந்தது. சரக்குப் பெட்டி கரையிலேயே நின்றுவிட்டது. என்னை யாரும் வேலையிலிருந்து நீக்கவில்லை. ஆனால் மேலாளர் ஒரு நாள் முழுவதும் என்னோடு பேசவில்லை. இன்றும் ஒவ்வொரு குறுஞ்செய்திக்குப் பின்னாலும் எனக்குக் கேட்பது அந்த மௌனம்தான்.

ஆகவே, உண்மையாகவே தவறு செய்த வரலாறு உள்ளவர்கள் இந்த எண்ணங்களை எப்படிக் கையாள்கிறீர்கள்? இன்னொன்றையும் கேட்க வேண்டும், சற்று வெட்கத்தோடு. நான் எந்த வேலையையும் அச்சம் வந்த பிறகுதான் தொடங்குகிறேன். அந்த அச்சமும் போய்விட்டால், வேலையே செய்யாமல் உட்கார்ந்துவிடுவேனோ?


செந்தூல் ஆசிரியை (கோலாலம்பூர்)
செவ்வாய், மாலை 4:15

தம்பி, உங்கள் பதிவை ஓய்வறையில் படித்தேன். மேசைமேல் திருத்தாத பயிற்சிப் புத்தகங்கள் 38 இருக்கும் நிலையில் இதை எழுதுகிறேன். எனவே நான் குணமாகிவிட்டவள் என்று எண்ணிவிட வேண்டாம்.

என் மகனுக்கு இரண்டாம் ஆண்டில் ஏடிஎச்டி என்று தெரிந்தது. அவனுக்காக மருத்துவமனையில் கொடுத்த வினாப்படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது, பாதியில் நான் யாரைப் பற்றி எழுதுகிறேன் என்பதே குழம்பிவிட்டது. அப்போது எனக்கு வயது 36. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் இதில் மரபுவழியின் பங்கை ஏறத்தாழ 74 விழுக்காடு என்று மதிப்பிடுகின்றன என்று மருத்துவர் பிறகு சொன்னார். எங்கள் வீட்டில் பூட்டிய கதவைத் திரும்பி வந்து பார்ப்பது அப்பா காலத்திலிருந்தே வழக்கம்.

நீங்கள் சொன்ன ஆதாரச் சிக்கலில் நானும் பல மாதங்கள் மாட்டியிருந்தேன். அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று தெரிந்தபோதுதான் எனக்குச் சிறிது தெளிவு பிறந்தது. 1960களில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஆரோன் பெக் என்னும் மனநல மருத்துவர், மனச்சோர்வுற்றவர்களின் மனத்தில் தாமாகவே எழுந்து வரும் எண்ணங்களைக் கவனித்து, அவை எந்தெந்த விதங்களில் கோணிப்போகின்றன என்று வகைப்படுத்தினார். அடுத்தவரின் மனத்தைப் படித்துவிட்டதாக நினைப்பது, நடப்பதில் மிக மோசமானதையே எதிர்பார்ப்பது, ஒரு பிழையை வைத்து முழு மனிதனுக்கும் தீர்ப்பு எழுதுவது என்பவை அவற்றுள் சில. "ஆதாரம் எங்கே?" என்பது அந்த மரபிலிருந்து வந்த கேள்வி. மனச்சோர்வில் இருப்பவர் தேடிப் பார்த்தால் பல வேளைகளில் ஆதாரம் இருக்காது, எண்ணம் வலுவிழந்துவிடும். நமக்கோ தேடத் தேடக் கிடைத்துக்கொண்டே இருக்கும். ஆகையால், கேள்வியைச் சற்று மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆதாரம் இருக்கட்டும், எதற்கு ஆதாரம்? உங்கள் கே2 படிவம், நினைவூட்டல் எதுவும் வைக்காத ஒரு நாளில் சாப்பாட்டுக்குப் பின் ஒரு வேலை நழுவியது என்பதற்கு ஆதாரம். உங்களை நாளைக்கே வேலையைவிட்டு அனுப்பப்போகிறார்கள் என்பதற்கு அது ஆதாரமாகாது. சொல்லப்போனால் அதற்கு எதிரான ஆதாரம் அது: பெட்டி நின்றது, நீங்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறீர்கள்.

"சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது" என்று என் மாமியார் அடிக்கடி எனக்குச் சொல்வார், ஒரே பிழையை மறுபடி மறுபடி செய்கிறேன் என்பதற்காக. நம் பூனை சூட்டை மறப்பதே இல்லை; அடுப்பு எங்கே இருக்கிறது என்பதைத்தான் மறந்துவிடுகிறது. அதனால் வீடு முழுவதையும் அடுப்பாக எண்ணி நடுங்குகிறது.

அடுப்பு எங்கே இருந்தது என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஆனால் வேகமாகக் கடந்துபோய்விட்டீர்கள். "பத்து நிமிட வேலைதானே." அதுவும் கோணலான எண்ணம்தான், தம்பி. இனிப்பாக இருப்பதால் அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஏடிஎச்டி உள்ள பெரியவர்களுக்குச் சிகிச்சை அளிப்பவர்கள் இந்த இனிப்பு எண்ணங்களையும் கவனிக்கிறார்கள்: "அப்புறம் செய்தால் இன்னும் நன்றாகச் செய்வேன்", "இதை எழுதி வைக்கத் தேவையில்லை, நினைவிருக்கும்", "முதலில் இந்தச் சின்ன வேலையை முடித்துவிடலாம்". பகலில் இப்படி வாங்கிய கடனுக்குத்தான் இரவில் வட்டி கேட்டு வருகிறது. நான் இரவு எண்ணங்களோடு மட்டும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஆண்டுகளில் ஒன்றும் மாறவில்லை. பகலில் "நினைவிருக்கும்" என்று எனக்கு நானே சொல்லும்போது கையும் களவுமாகப் பிடிக்கத் தொடங்கிய பிறகுதான் சிறிது மாறியது.

கடன் என்றதும் நினைவுக்கு வருகிறது. மளிகைக் கடைகளில் கடன் எழுதும் சின்ன 555 புத்தகம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். என் கைப்பையில் எப்போதும் ஒன்று இருக்கும். அச்சம் வந்ததும் இடப்பக்கத்தில் நேரத்தோடு எழுதுவேன்: "செவ்வாய் 2:10, தலைமையாசிரியர் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, பாடக்குறிப்பு பற்றிப் புகார் போயிருக்கிறது." வலப்பக்கத்தை வெறுமையாக விட்டுவிடுவேன். உண்மையில் நடந்தது என்ன என்று தெரிந்த நாளில் அங்கே எழுதுவேன். (தலைமையாசிரியருக்கு அன்று பல்வலி.) நான்கு மாதங்களில் 61 அச்சங்கள் சேர்ந்தன. அவற்றில் 4 பலித்தன. நான்குமே நான் நினைத்த அளவில் பாதிகூட இல்லை. இதைவிட என்னைத் திடுக்கிட வைத்தது வேறொன்று: அதே நான்கு மாதங்களில் நான் உண்மையாகவே கோட்டைவிட்ட ஒன்பது காரியங்கள் அந்தப் புத்தகத்தில் எங்குமே இல்லை. அவற்றைப் பற்றி நான் அஞ்சவே இல்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் என் பதில் அதில் இருக்கிறது. அச்சம் நம்மைக் காவல் காக்கிறது என்று நம்புகிறோம். அந்தக் காவலாளி தவறான வாசலில் நிற்கிறான்; சம்பளத்தை மட்டும் நாள் தவறாமல் வாங்கிக்கொள்கிறான்.

மனைவியிடம் நான்கு முறை கேட்பதைப் பற்றி: என் கணவருக்கும் எனக்கும் ஓர் உடன்பாடு உண்டு. ஒரு முறை கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்வார். இரண்டாம் முறை கேட்டால் பேசாமல் 555 புத்தகத்தைக் காட்டுவார். தொடக்கத்தில் எனக்கு எரிச்சல்தான் வந்தது.


பழைய கிராணி (ஜார்ஜ்டவுன்)
செவ்வாய், இரவு 9:02

தம்பிக்கு வணக்கம். நான் 31 ஆண்டுகள் கப்பல் முகவர் அலுவலகங்களில் கிராணியாக, அதாவது எழுத்தராக, வேலை செய்து ஓய்வு பெற்றவன். நோய் என்னும் சொல்லை நான் எளிதில் ஏற்றுக்கொள்பவன் அல்லன். எங்கள் காலத்தில் மறதிக்காரனுக்கு மறதிக்காரன் என்றுதான் பெயர். ஆசிரியை அம்மா எழுதியதைப் படித்துவிட்டு அதைப் பற்றி இன்று வாதாட மனம் வரவில்லை. என் இளைய சகோதரன் பதினொரு வேலை மாறினான். எதையும் அவனால் தொடர்ந்து செய்ய முடியவில்லை; பொறுப்பில்லாதவன் என்று வீட்டில் எல்லாரும் சேர்ந்து முத்திரை குத்தினோம். அவன் இப்போது இல்லை. உங்கள் பதிவில் இருந்த அச்சுப்பொறிக் கதையைப் படித்தபோது அவன்தான் நினைவில் வந்தான்.

நான் சொல்ல வந்தது தொழில் பற்றியது. பெட்டி கப்பலைத் தவறவிடுவது எங்கள் தொழிலில் உலகம் அழியும் செய்தி அன்று. வாடிக்கையாளர் கத்துவார், மேலாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், கிடங்கில் கூடுதலாகக் கிடந்த நாள்களுக்குக் கட்டணம் வரும், பெட்டி அடுத்த கப்பலில் போகும். இந்தத் தொழிலில் பத்து ஆண்டு இருந்துவிட்டு ஒரு பெட்டியைக்கூடத் தவறவிட்டதில்லை என்று ஒருவர் சொன்னால், அவர் ஆவணப் பிரிவில் இருந்ததில்லை என்று பொருள். கணினி வராத காலத்தில், மணிக்கூண்டு வைத்த சுங்கத்துறைக் கட்டடத்துக்குப் படிவக் கட்டோடு ஓடியவன் நான். ஒரு முறை கட்டை ஒட்டுக்கடை மேசையிலேயே வைத்துவிட்டு, மீதிச் சில்லறையை மட்டும் பத்திரமாக எடுத்துக்கொண்டு போனேன்.

உங்கள் மேலாளர் ஒரு நாள் பேசாமல் இருந்ததற்குக் காரணம் நீங்கள்தான் என்று எப்படித் தெரியும்? வாடிக்கையாளரிடம் அவர் என்ன திட்டு வாங்கினாரோ. எங்கள் அலுவலகத்தில் வெண்பலகை ஒன்றில் அன்றன்று சரக்கு ஏற்பதை முடிக்கும் கப்பல்களின் பெயரும் நேரமும் சிவப்பு மையில் எழுதியிருக்கும்; படிவம் போனதும் அதன்மேல் கோடு போட வேண்டும். அது மறதிக்காரர்களுக்காக வைத்ததன்று, எல்லாருக்குமாக வைத்தது. உங்கள் அலுவலகத்தில் இல்லையென்றால் நீங்களே முன்வந்து வையுங்கள். "என்னை வந்து பாருங்கள்" என்று எழுதுபவரிடம், "எதைப் பற்றி என்று ஒரு சொல் சேர்த்தால் ஆவணங்களோடு வருவேன், ஐயா" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நானாக இருந்தால் அப்படிக் கேட்கும் கிராணியை மெச்சுவேன்.


கரையோரம் (பினாங்கு)
செவ்வாய், இரவு 10:30

அக்கா, ஐயா, இருவருக்கும் நன்றி. ஒட்டுக்கடைக் கதையை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். ஐயா, உங்கள் சகோதரரைப் பற்றி எழுதியதை நான் இரண்டு முறை படித்தேன். ஓர் ஐயம்: பிறர் நம்மேல் கோபப்படுவார்களோ, ஒதுக்கிவிடுவார்களோ என்னும் இந்த அச்சத்துக்கு இணையத்தில் 'நிராகரிப்பு உணர்திறன்' என்று தனிப் பெயர் வைத்து, அதுவும் ஏடிஎச்டியின் ஒரு பகுதி என்கிறார்கள். அப்படியானால் எனக்கு இருப்பது அதுதானா?


மாத்திரை எண்ணுபவள் (கோலாலம்பூர்)
புதன், காலை 7:20

வணக்கம் அண்ணா. நான் மருந்தாளர். எனக்கும் ஏடிஎச்டி உண்டு. மாத்திரைகளை இரண்டு முறை எண்ணுபவள் என்பதால் இந்தப் பெயர். மருத்துவர் அல்லாததால், நான் சொல்வதை உங்கள் மருத்துவரிடம் கேட்பதற்கான குறிப்புகளாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பெயர். 2013இல் வெளிவந்த டிஎஸ்எம்-5 என்னும் நோயறிதல் கையேட்டில் நிராகரிப்பு உணர்திறன் தனி நோயாக இடம்பெறவில்லை. ஏடிஎச்டிக்கான அறிகுறிப் பட்டியலிலும் இல்லை. அந்த அனுபவம் பொய் என்று நான் சொல்லவில்லை. உணர்ச்சியை அடக்கி ஆள்வதில் ஏடிஎச்டி உள்ளவர்கள் பலருக்கு இடர்ப்பாடு இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரோடு நின்றுவிட்டால், அதற்குப் பின்னால் தனியாகச் சிகிச்சை தேவைப்படும் பதற்ற நோய் இருப்பதைத் தவறவிடக்கூடும். அமெரிக்காவில் பெரியவர்களிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட தேசிய ஆய்வு ஒன்றில், ஏடிஎச்டி உள்ளவர்களில் ஏறத்தாழ 47 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு பதற்ற நோயும் சேர்ந்திருந்தது. உங்கள் உறக்கம் மாதத்தில் எத்தனை இரவு இப்படிக் கெடுகிறது என்பதை அடுத்த முறை மருத்துவரிடம் சொல்லுங்கள். நாம் பெரும்பாலும் கவனத்தை மட்டும் பேசிவிட்டு வந்துவிடுகிறோம். கதவை மூடிய பிறகுதான் மற்றவை நினைவுக்கு வரும்.

அடுத்தது நேரம். காலை 7 மணிக்கு மாத்திரை, மாலை 5:40க்கு அச்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எடுப்பது மெத்தில்ஃபெனிடேட் என்னும் ஊக்கி வகை மருந்தா என்று எனக்குத் தெரியாது. அதுவாக இருந்தால், குறுகிய நேர வகை ஏறத்தாழ 4 மணி நேரமும், நீண்ட நேர வகை தயாரிப்பைப் பொறுத்து 8 முதல் 12 மணி நேரமும் வேலை செய்யும். மருந்தின் பலன் இறங்கும் நேரத்தில் சிலருக்கு எரிச்சலும் மனக்கலக்கமும் சிறிது நேரம் கூடுவதுண்டு. அச்சம் வந்த நேரத்தை 555 புத்தகத்தில் எழுதச் சொன்ன ஆசிரியை அக்காவின் யோசனை இதற்கும் உதவும். அது நாள்தோறும் ஒரே நேரத்தில் வருகிறதென்றால், மேலாளரைவிட மருந்துக்கு அதில் பங்கு அதிகமாக இருக்கலாம்.

கோப்பியையும் கேட்க வேண்டும். மெத்தில்ஃபெனிடேட் நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் சிறிது உயர்த்தக்கூடியது. அதோடு இரண்டு கோப்பி ஓ சேர்ந்தால் நெஞ்சு படபடக்கும். நம் மனமோ படபடப்பைக் கண்டதும், "ஏதோ நடந்திருக்கிறது" என்று காரணம் தேடிப் புறப்பட்டுவிடும். தேடினால் ஒரு கே2 படிவமாவது கிடைக்காமலா போகும்? நான் ஒரு மாதம் மதியக் கோப்பியை நிறுத்திப் பார்த்தேன். காலைக் கோப்பியை நிறுத்தும் அளவுக்கு எனக்கு மன உறுதி இல்லை.

அச்சம் மிகுந்தவர்களுக்கு மருந்தை மாற்றிப் பார்ப்பதும் உண்டு. அட்டோமொக்செட்டின் என்பது ஊக்கி வகையைச் சேராத மருந்து. அது முழுப் பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும். எதையும் நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம்.

மருந்து மட்டும் போதாதவர்களுக்கு என்ன செய்யலாம் என்பதும் ஆராயப்பட்டிருக்கிறது. மருந்து எடுத்தும் அறிகுறிகள் தொடர்ந்த 86 பெரியவர்களிடம் ஸ்டீவன் சாஃப்ரன் குழுவினர் நடத்திய ஆய்வு 2010இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்குச் சிந்தனை நடத்தைச் சிகிச்சை, அதாவது சிபிடி அளித்தார்கள். மற்றவர்களுக்கு உடலைத் தளர்த்தும் பயிற்சியும் விளக்கமும் அளித்தார்கள். சிபிடி பெற்றவர்கள் கூடுதலாக முன்னேறினார்கள். அந்தச் சிகிச்சையில் எண்ணங்களைச் சீர்தூக்கும் பகுதி பின்னால்தான் வருகிறது. நாள்காட்டி, வேலைப் பட்டியல், பெரிய வேலையைத் துண்டுகளாக்குவது ஆகியவற்றில் முதலில் பழக்குகிறார்கள். கிராணி ஐயாவின் வெண்பலகை அந்த வரிசையில் முதல் பாடம்.

யாரிடம் போவது என்று கேட்பீர்கள். நீங்கள் ஏற்கெனவே மனநல மருத்துவரிடம் இருப்பதால், மருத்துவ உளவியலாளரிடம் அனுப்பும்படி அவரிடமே கேளுங்கள். இதைப் படிக்கும் மற்றவர்கள் அரசாங்கச் சுகாதார மருந்தகத்தில் (கிளினிக்கில்) தொடங்கலாம். மலேசியக் குடிமக்களுக்கு அங்கே 1 வெள்ளிதான் (ரிங்கிட்) கட்டணம்; அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். காத்திருக்க வேண்டியிருக்கும், ஆகவே நாளிதழோ பின்னல் ஊசியோ கொண்டுபோங்கள். தனியார் ஆலோசகரை நாடினால், 1998ஆம் ஆண்டின் ஆலோசகர்கள் சட்டத்தின்கீழ் அவர் பதிவு பெற்றவரா என்று முதலில் பாருங்கள். இரவு எண்ணம் "வேலை போய்விடும்" என்பதைத் தாண்டி "நான் இல்லாமல் இருப்பதே மேல்" என்னும் திசையில் போனால், புத்தகத்தில் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். சுகாதார அமைச்சின் 15555 என்னும் எண்ணுக்கு அழையுங்கள், அல்லது அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கடைசியாக ஒன்று. எதைப் பற்றி என்று ஒரு சொல் சேர்க்கும்படி மேலாளரிடம் கேட்பதற்கு, உங்கள் நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. நான் சொன்னேன், எனக்கு நல்லவிதமாக முடிந்தது. சொல்லிவிட்டு வருந்தியவர்களையும் அறிவேன்.


கரையோரம் (பினாங்கு)
மூன்று வாரங்களுக்குப் பிறகு, ஞாயிறு, மாலை 6:05

அனைவருக்கும் வணக்கம். நடந்ததை எழுதிவிடுகிறேன், தள்ளிப்போட்டால் எழுத மாட்டேன்.

மேலாளரிடம் கேட்டேன். கிராணி ஐயாவின் வாக்கியத்தை நாற்பது முறை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுக் கேட்டேன். "ஓ, சரி" என்றார். அதற்குப் பிறகு வந்த மூன்று செய்திகளில் இரண்டில் காரணம் இருந்தது. மூன்றாவதில் மறந்துவிட்டார். அந்த மூன்றாவது செய்தி வந்த அன்று ஃபெர்ரியில் மறுபடியும் வீடு, கடன், சுங்கைப்பட்டாணி எல்லாம் வந்தன. ஆனால் மனைவியிடம் ஒரு முறைதான் கேட்டேன்.

வெண்பலகை வைத்தாயிற்று. சக ஊழியர்கள் முதல் வாரம் கிண்டல் செய்தார்கள். இப்போது என்னைவிட அவர்களே அதிகம் பார்க்கிறார்கள். "பத்து நிமிட வேலைதானே" என்று எனக்குள் ஒரு குரல் சொன்னால், உடனே எழுந்துபோய்ப் பலகையில் எழுத வேண்டும் என்று எனக்கு நானே விதி வைத்திருக்கிறேன். சென்ற புதன்கிழமை ஒரே நாளில் ஏழு முறை எழுந்துபோனேன். அவ்வளவு முறை அந்தக் குரல் பேசுகிறது என்பது இத்தனை காலம் எனக்குத் தெரியாது.

மருந்தின் நேரத்தைப் பற்றி மருத்துவரிடம் பேசினேன். எழுதி வைத்த நேரங்களைப் பார்த்தார். பதினான்கில் ஒன்பது அச்சங்கள் மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் இடையே வந்தவை. அடுத்த மாதம் வரை தொடர்ந்து எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார், அதன் பிறகு முடிவெடுப்பாராம். உறக்கத்தைப் பற்றியும் கேட்டார். இம்முறை கதவை மூடுவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

555 புத்தகத்தை வாங்கியபோது கடைக்காரர், "யாருக்குக் கடன் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டார். ஆசிரியை அக்கா, உங்களிடம் ஓர் ஐயம். பதினான்கு அச்சங்களில் ஐந்துக்கு வலப்பக்கம் வெறுமையாக இருக்கிறது. என்ன நடந்தது என்று எழுத மறந்துவிட்டேன். இப்போது யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை. அவற்றை என்ன செய்வது?


செந்தூல் ஆசிரியை (கோலாலம்பூர்)
ஞாயிறு, இரவு 8:40

தம்பி, என் புத்தகத்திலும் அப்படிப்பட்டவை இருந்தன. 61 என்று நான் சொன்னதில் அவற்றைச் சேர்க்கவில்லை. நினைவில் நிற்காத அளவுக்குத்தான் ஏதோ நடந்திருக்கிறது. கோடு போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள்.